இரண்டாயிரம் நம்பர் தாள்

வீராவின் இரண்டு கண்ணிலும் பூ விழுந்திருந்தது.
லங்காப்பிலிருந்து தெலுக் இந்தானுக்கு
விடியற்காலை நாலேகாலுக்குக் கிளம்புகிறவள் நான்.
ஐந்தரைக்கு டயாலிசிஸ் நாற்காலிகளில்
ஆட்கள் கை நீட்டிக் காத்திருப்பார்கள்.
வழியெல்லாம் செம்பனை.
என் வெளிச்சமோ
மூன்றாம் முறை நீர் ஊற்றிய தேத்தண்ணி.

புதுசு மாட்டினால் ஜோடி முந்நூற்று எண்பது
என்றார் வொர்க்ஷாப் ஆ லெக்.
பற்பசை போதும் என்றாள் கூட வேலை செய்யும் லோகேஸ்வரி.
தேய்த்தேன்.
இரண்டு நாள் வண்டி புதினா வாசத்தோடு ஓடியது,
அவ்வளவுதான்.
கொசு மருந்து அடி, பளிச்சென்று ஆகும் என்றார்கள்.
ஆனது.
மூன்றாம் நாள் அந்தப் பிசுக்கில் ஈசல் ஒட்டி
முன்னைவிட மஞ்சள்.

பின்வீட்டுச் சூசைநாதன்
வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டே இருந்தவர்
ஞாயிற்றுக்கிழமை பொறுக்க மாட்டாமல் வந்துவிட்டார்.
குலை வெட்டிய கை, முள் ஏறி ஆறிய தழும்புகள்.
தோட்டம் ஆளைக் குறைத்ததிலிருந்து
சும்மாதான் இருக்கிறார் என்று கேள்வி.
'இது கண்ணாடி இல்ல தங்கச்சி, பிளாஸ்டிக்கு.
வெயிலு தின்ன தோலு.
உரிச்சாத்தான் உண்டு.'

நீல டேப்பைச் சுற்றி ஒட்டினார்,
பெயிண்டில் கீறல் படாமல் இருக்க.
எண்ணூறு நம்பர் தாளை வாளியில் நனைத்து
குறுக்கே தேய்க்கச் சொன்னார்.
அப்புறம் ஆயிரத்து இருநூறு, மேலும் கீழுமாக.
காயவிடாதே, தண்ணீர், தண்ணீர்.
பால் மாதிரி வழிந்தது பழைய வெயில்.
துடைத்துப் பார்த்தால்
கண் முழுக்க வெள்ளை.
இருந்த பார்வையும் போச்சு என்று
வயிற்றைக் கலக்கியது எனக்கு.
'அப்படித்தான் இருக்கும்' என்று
இரண்டாயிரம் நம்பரை நீட்டினார்.

பிறகு கிழிந்த கைலித் துணியில் பாலிஷ்,
சின்னச் சின்ன வட்டமாக, தோள் கழலும்வரை.
கடைசியில் நிழலில் நிறுத்தி, காற்று ஓய்ந்த நேரம்
பூச்சு இரண்டு தடவை, மெலிசாக.
அது இல்லையென்றால் வெயில்
இரண்டு மாதத்தில் திரும்பி வரும் என்றார்.
காசு வாங்கவில்லை.
'மிச்ச டேப்ப எடுத்துக்கிறேன்.'
எடுத்துக்கோங்க அண்ணே,
அதுக்கெல்லாமா கேட்பாங்க.

திங்கள் விடியல்.
சாலை இவ்வளவு நீளம் என்று தெரியாமலே
ஐந்து வருஷம் ஓட்டியிருக்கிறேன்.
லாலான் புல்லின் ஒவ்வொரு நுனியும் தெரிந்தது.
பாரிட்டிலிருந்து ஏறிய உடும்பு
அவசரமே இல்லாமல் கடந்தது.
கம்பத்தின்மேல் ஒரு மரப்பெட்டி,
அதன் வாயில் ஆந்தை முகம்.
எலிக்காகத் தோட்டத்தார் வைத்தது.
இத்தனை நாளும் அது என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

மூன்றாம் பிளாக் செம்மண் திருப்பத்தில்
விளக்கணைத்த லோரி.
கம்பியில் குத்திய குலையோடு ஓர் ஆள்
தூக்கியபடியே உறைந்து நின்றான்.
முதுகுதான் தெரிந்தது.
நம்பர் பிளேட்டில்
பக்கத்துக்குப் பக்கம்
ஓரம் மடங்காமல், அவ்வளவு சுத்தமாக
நீல டேப்.

கை தானாகப் போய் வெளிச்சத்தைத் தாழ்த்தியது.
தெலுக் இந்தான் பாலம்வரை உயர்த்தவில்லை.
எதிரே வண்டி எதுவும் வரவும் இல்லை.

சாயங்காலம் வேலியோரம் கேட்டார்:
'எப்படி, தூரமா அடிக்குதா?'
'பரவால்லண்ணே.'
தாண்டி வந்து, குனிந்து,
விளக்கின் விளிம்பில் கட்டைவிரலை ஓட்டினார்.
'இந்த மூலையில கொஞ்சம் விட்டுப்போச்சு.
அந்த ரெண்டாயிரம் தாளு இருக்கா?'

இருக்கிறது என்றேன்.
உள்ளே போய்
டிராயரைத் திறந்து
வெகுநேரம் நின்றேன்.