ஊதாப் பென்சில்

பீருமேட்டில் ஆனி மாதம் துணி காயாது,
நனைந்தே பழசாகும்.
நாப்பதாம் நம்பர் மழை,
நூலைவிட மெலிசு.

எஸ்டேட் ஆஸ்பத்திரிப் பின்கட்டில்
சீமையிலிருந்து வந்த பிழி மிஷின்:
இரும்புச் சட்டம், இரண்டு ரப்பர் உருளை, ஒரு கைப்பிடி.
நான் சுற்றுவேன். மரியபுஷ்பம் துணி கொடுப்பாள்.
பித்தானை உள்ளே மடித்துக் கொடுக்கணும்,
இல்லாவிட்டால் தெறிக்கும்,
கூலியில் ஓரணாவும் சேர்ந்து.
கடைசி ஜாணில் விரலை எடுத்துவிடணும்.
அவள் நடுவிரலுக்கு நகம் கிடையாது.

அன்றைக்குக் கணக்கர் குரியாக்கோஸ்
தொப்பலாய் வந்து சட்டையைக் கழற்றி எறிந்தார்:
"சும்மா பிழிஞ்சு வை, சாயா குடிச்சிட்டு வர்றேன்."
பையிலிருந்த தாள் நழுவி
வார்டு விரிப்போடு உருளைக்குள் போனது.
அந்தப் பக்கம் வெள்ளையில் ஊதா,
காப்பியிங் பென்சில்,
எழுத்தெல்லாம் இடம் வலமாகி.

சோடாப்பு எடுக்கப் போனவளை நிறுத்தினேன்.
விரிப்பைத் திருப்பி ஜன்னலுக்குப் பிடித்தோம்.
நாலாம் வகுப்பு மலையாளம் எனக்குப் போதும்:
ஒண்ணாம் தேதியிலிருந்து வேண்டாதவர்கள்.
ஏழு பெயர்.
ஏழாவதைப் படிக்காமல் நின்றேன்.

"நீ இருக்கியா?" என்றாள்.
"இல்லை."
"அப்ப சரி," என்றாள். "சுத்து."

சட்டையை மடித்து, கந்தலான தாளைப் பையில் வைத்துக் கொடுத்தோம்.
விரிப்பை மட்டும்
கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்கு எதிரே,
பின்பக்கம் முன்னால் வர,
கொடியில் போட்டோம்.

இந்த மழையில் எப்படிக் காயும் என்று
நர்சம்மா கத்தினாள்.

காயவா போட்டோம்.