பின் சில்லு

நிக்சனின் பிக்கப்புக்குப் பின்னாலும் டிஸ்க்.
என்னுடையதுக்கு றம்.
முல்லைத்தீவில் ஐஸ் போட்டு மீன் ஏற்றுகிற மாலைகளில்
குனிந்து என் சில்லைப் பார்ப்பான்,
சொத்தைப் பல்லைப் பார்ப்பது போல.
"மாத்து தவமலர்.
சட்டி கட்டி ஓடுற காலமே இது?"

மாற்றலாம்.
லீசிங்காரன் படலையைத் தட்டாத மாதம் ஒன்று வரட்டும்.

வசீகரனின் கராஜில் றம்மைக் கழற்றும்போது
நானும் பக்கத்தில் குந்தியிருப்பேன்.
சுத்தியலால் நாலு தட்டு.
கொட்டும்:
மாவாய் அரைந்த லைனர், கிரவல் புழுதி,
கார்த்திகையில் தாண்டிய வெள்ளத்தின் சேறு.
போன மாரியைப் பங்குனி வரைக்கும்
மூடி வைத்திருக்கிறது என் வண்டி.

டிஸ்க்குக்கு அந்தக் குணம் இல்லை.
காற்றுப்பட வெளியே நிற்கிறது.
தண்ணீரை உதறிவிட்டு
மறுநிமிடம் ஒன்றும் நடக்காத முகம்.
ஆனால் உளுந்தளவு கல்லொன்று
தகட்டுக்குள் சிக்கினால் போதும்,
புளியங்குளம் மட்டும் கத்திக்கொண்டே போகும்.
நான் பின்னால் போய்க் கேட்டிருக்கிறேன்.
அவன் ரேடியோவைக் கூட்டிவிடுவான்.

வெறும் வண்டியில் பின் பிறேக்குக்குப் பெரிய வேலை இல்லை,
முன்சில்லே தாங்கிவிடும் என்பான் வசீகரன்.
பாரம் ஏறினால்தான் பின்னுக்குப் பொறுப்பு வரும்.
பிறேக் ஒயில் கிடைக்காத வருடங்களில்
சவர்க்காரத் தண்ணி ஊற்றி ஓடியதாம் அவனுடைய முதல் லொறி.
அது எப்படி நின்றது என்று மட்டும்
அவன் சொல்வதில்லை.

போன ஐப்பசி. மழை விட்டு அரை மணி.
ஒலுமடுவுக்கு இந்தப் பக்கம்
ரோட்டை மேவி ஓடியது தண்ணீர், அரைச் சில்லு ஆழம்.
நிக்சன் முன்னால், நான் பின்னால்.
தாண்டியதும் பிறேக்கில் லேசாய்க் கால் வைத்தபடி
கொஞ்சத்தூரம் ஓட வேண்டும், சட்டி காய.
தெரியும். என் பிள்ளையின் காய்ச்சல் போலத் தெரியும்.
அன்றைக்கு போன் அடித்தது.
யாரென்று பார்க்காமலே தெரிந்த இலக்கம்.

வயல் ஈரமென்று தாரில் ஏறிப் படுத்திருந்தன
இருபது முப்பது மாடுகள்.
நிக்சனின் சிவப்பு லைட் எரிந்தது.
கோடு கீறியது போல நின்றான்.
நான் மிதித்தேன்.
முன்சில்லு பிடித்தது.
பின்னால் எண்ணூறு கிலோ சூடை மீன்
பிடிக்காமல் வந்தது.
ஐஸ் பெட்டிகள் நகர்ந்து வந்து என் முதுகுப்புறத் தகரத்தைத் தட்டின,
கதவு திற என்பது போல.
இரண்டாம் மிதி. வழுக்கல்.
மூன்றாம் மிதியில் சட்டி கடித்தது.

அவனுடைய நம்பர் பிளேட்டுக்கும் என் லைட்டுக்கும் நடுவில்
நீட்டுக்கு ஒரு சூடை வைக்கலாம்.
இரண்டு வைக்க இடமில்லை.

ஹான்ட் பிறேக்கை இழுத்துவிட்டு இறங்கினேன்.
அவனும் இறங்கி வந்து இடைவெளியைப் பார்த்தான்.
ஒன்றும் சொல்லவில்லை.
அதுவே அவனுக்குப் பெரிய வேலை.
இருவருமாய் மாடு எழுப்பப் போனோம்.
ஏய், ஓய், அம்மாளாச்சியாணை எழும்பு.
அவை அசை போட்டன.

அப்போதுதான் பின்னால் அந்தச் சத்தம்.
பாலத்து ஏற்றம் அது.
சூடேறின டிஸ்க் ஆறும்போது கொஞ்சம் இளகிவிடும்,
அவனோ கியரில் விட மறந்திருந்தான்.
அவனுடைய வண்டி மெல்லப் பின்னுக்கு வந்து
அந்த ஒரு சூடை இடத்தையும் தின்று
என் வண்டியில் சாய்ந்து நின்றது,
கலியாண வீட்டில் நித்திரை தூங்குகிறவன்
பக்கத்து ஆளின் தோளில் சரிவது போல.

என்னுடையது அசையவில்லை.
ஈரச் சட்டி, தேய்ந்த லைனர், நாறும் ஐஸ் தண்ணி,
எல்லாமாக இரண்டு வண்டியையும்
பிடித்துக்கொண்டு நின்றது ஏற்றத்தில்.

நான் சிரிக்கவில்லை.
மூன்று நிமிடத்துக்கு முந்தி
அது எனக்கு என்ன செய்தது என்று
கால் இன்னும் நடுங்கியபடி சொல்லிக்கொண்டிருந்தது.

மாடுகள் தாங்களாகவே எழும்பிப் போயின.
வவுனியாச் சந்தைக்குப் பிந்தித்தான் சேர்ந்தோம்.
உடைந்த லைட் கண்ணாடிக்கு
நிக்சன் பாதிக் காசு தந்தான்.
மீதிப் பாதி யாருடையது என்று
இன்னும் கதைத்துக்கொண்டிருக்கிறோம்.