நாலு நொடி

மூன்று புள்ளி எட்டு ஜிபி.
கனம் இருக்கிறது, முகம் இல்லை.
தட்டினால் 'திறக்க இயலாது' என்கிறது.
ஒன்பது வருடமாக அதே பதில்.

சிலோயே தீவில் நாங்கள்
வீட்டைப் பிரித்துக் கட்டுவதில்லை.
அப்படியே இழுத்துப் போவோம்,
கூரையோடு, சன்னல் திரையோடு,
அடுப்பில் ஒட்டிய கரியோடு.
எட்டு ஜோடி எருது. ஊரே வடம் பிடிக்கும்.
நடுவில் கடல் வந்தால் மிதக்கவிடுவோம்.
கூலி கிடையாது,
சாப்பாடும் ஆப்பிள் மதுவும்தான்.

எங்கள் வீடு அக்கரையில் ஏறியபோது
கேமரா என் கையில்.
எருதுகளின் கால் பார்த்துச் சொல்லும் வேலையும்
என்னிடமே தந்திருந்தார்கள்.
சேற்றில் வடம் ஒரு சுருக்காய்த் தொய்ந்து கிடந்தது.
நான் "சரி" என்றேன்.
அண்ணன் ரோசமேல் "இழு" என்றான்.
வீடு ஏறிவிட்டது.
எஹீடியோ பர்ரியாவின் செவலை எருது
எழவில்லை.
சாயங்காலம் அவர் துப்பாக்கியோடு
கரைக்குப் போனதை எல்லோரும் பார்த்தோம்,
பார்க்காததுபோல் தட்டைக் கழுவினோம்.

கால் உள்ளே இருக்கும்போதே சரி என்றாய், இது அண்ணன்.
வெளியே வந்துவிட்டது, நீ தாமதித்தாய்,
அது திரும்ப மிதித்தது, இது நான்.
அதற்குப்பின் அவன் பேசவில்லை.
நானும் என்ன, வாய் திறந்துவிடவில்லை.

காஸ்ட்ரோவில் போன் கடை வைத்திருக்கும் யெசேனியா
ஃபைலைப் பிரித்துப் பார்த்துச் சொன்னாள்:
"எல்லாம் உள்ளேதான் இருக்கிறது, சென்யோரா.
எந்தப் படம் எங்கே தொடங்குகிறது என்ற பொருளடக்கம்
கடைசியில்தான் எழுதப்படும்.
அதற்குள் பேட்டரி போய்விட்டது."

இடம் மாறிய வீடு.
கதவிலக்கம் மாட்ட ஆள் வரவில்லை.

"அதே கேமராவில் எடுத்த நல்ல வீடியோ ஒன்று வேண்டும்.
எதுவானாலும் சரி.
அதன் தலையை வாங்கி இதற்கு வைக்கலாம்."

கேமராவை என்றோ விற்றாயிற்று,
கெயோனில் சால்மன் பண்ணை முக்குளிப்பவர் ஒருவருக்கு.
பேருந்தில் இரண்டு மணிநேரம், வழியெல்லாம் மழை.
அமைப்பு எதையும் மாற்றவில்லை என்றார் லிசாந்த்ரோ,
மாற்றத் தெரியாது என்றும் சொன்னார்.
அவர் மனைவி ஒடிலியா
உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.
இரண்டு நிமிடம் அதை எடுத்தேன்.

அந்த உருளைக்கிழங்கின் தயவில்
வீடு திறந்தது.

முதலில் பச்சைக் கட்டங்கள்.
பிறகு பாதிக் கூரை.
பிறகு நீர் சொட்டச் சொட்ட முழு வீடு,
எனக்கு நினைவிருந்ததைவிடச் சின்னது.
செவலை எருது காலைத் தூக்குகிறது.
சுருக்குக்கு வெளியே வைக்கிறது,
ஒரு மூச்சு நிற்கிறது,
திரும்ப உள்ளே மிதிக்கிறது.
அங்கே அறுந்துபோகிறது.

ஆனால் என் "சரி"
எருது வருவதற்கு முன்பே,
வெறும் தண்ணீர்மேல் கேட்கிறது.

"ஒலி முந்தி ஓடுகிறது,
நாலு நொடி இருக்கும், ஐந்துகூட இருக்கலாம்.
பேசும் வாய் ஏதாவது தெரிந்தால் ஒட்டிவிடுவேன்."
தேடினோம்.
எல்லோரும் முதுகு.
வடம் பிடித்தவன் எவன் கேமராவைப் பார்ப்பான்?
ரோசமேலும் முதுகுதான், கிழிந்த நீலக் கம்பளிச்சட்டை.

நாலு நொடி தள்ளினால் கால் உள்ளே, என் பிழை.
ஐந்து தள்ளினால் வெளியே,
அவன் பிழை, அல்லது எருதின் பிழை.
யெசேனியாவின் விரல் அம்புக்குறிப் பொத்தான்மேல்.
"எங்கே வைக்க?"

ஒன்பது வருடம் நான் ஐந்தில் வைத்திருந்தேன்.
அவனிடம் இருப்பது நாலாக இருக்கும்.

"உருளைக்கிழங்கை இன்னொரு தடவை போடு" என்றேன்.
கத்தி இறங்கும் இடத்திலேயே சத்தம்.
ஒடிலியா நிமிர்ந்து
"எடுக்கிறதா இப்போ?" என்று கேட்கிறாள்,
உதடு பிரியும்போதே சொல்லும் வருகிறது.
அதற்குள் மழை வலுத்துவிட்டது.
ரோசமேலின் எண் பழைய போனில் இருக்கிறது.