கொட்பே ஐஸ்

மூன்றாம் தடவையும் கறுத்துப் போனது.
பல்லேடியம் முழுக்கக் கூடிக் கட்டிபட்டு
குடுவைச் சுவரில் படிந்திருந்தது,
முகம் பார்க்கலாம் போல.
ஹஸ்மியா குனிந்து நெற்றியைச் சரிபார்த்தாள்.
"இருபத்தேழாயிரம் ரூபாய்க் கண்ணாடி."

வெண்தூளில் பிழையில்லை.
சிர்க்கோனிய முடிச்சுகள்,
முடிச்சுக்கு முடிச்சு குறுக்குச் சட்டமாய்
உப்புவெளிக் கரையில் பொறுக்கிய
தண்ணீர்ப் போத்தல்களை அவித்தெடுத்த அமிலம்.
ஒரு கிராமுக்குள் ஆயிரம் சதுர மீற்றர் சுவர்.
அவ்வளவு அறையும் திறந்துதான் கிடந்தது.
உலோகம் உள்ளே போகவில்லை.
வாசலில் ஒன்றையொன்று கண்டதும்
கட்டிப்பிடித்துக் கல்லாகிவிட்டது.

பிழை என் கையில்.
தாழ்த்தியை நான் ஊற்றினேன்.
துளியாக விடவேண்டும்,
பூச்சியத்தில் விடவேண்டும்.

ஐஸ் மெஷின் செவ்வாயோடு செத்திருந்தது.
கோணேசபுரியிலிருந்து மோட்டார்சைக்கிளில்
நிலாவெளி வீதி முழுக்க வெயில் குடித்து
கொட்பேக்குப் போனேன்.
"என்ன மீன்?"
மீனில்லை அண்ணை, உலோகம்.
"அது நாறாதே!"
கூட்டமாய்ச் சேர்ந்தால் பழுதாகிவிடும் என்றேன்.
சிரிக்கவில்லை அவர்.
அரைக் கட்டியை உடைத்துச் சாக்கில் சுற்றி
"எவ்வளவு நேரம் தாங்க வேணும்?" என்றார்.
நாற்பது நிமிடம்.
மேலே இன்னொரு துண்டு வைத்தார், காசில்லாமல்.

பள்ளியில் தாழ்த்தல் என்று படித்தபோது
யாரையோ குனிய வைக்கிறார்கள் என்று நினைத்தேன்.
இப்போது பார்க்கிறேன்:
ஏற்றத்தோடு அலைகிற ஒன்று
ஏற்றம் இறங்கி
வெறும் உலோகமாகி
கிடைத்த அறையில் இருந்துகொள்கிறது.
ஒரு துளி. பிறகு எண்ணிப் பத்து. ஒரு துளி.
குடுவைக்கு வெளியே கண்ணாடியில்
ஒரு பாரைச் செதில் ஒட்டியிருந்தது.
உள்ளே தூள் மெல்லச் சாம்பலானது.
கறுக்கவில்லை.

இரண்டு நனோமீற்றரா, இருபதா
என்று பார்க்கும் கருவி எங்களிடம் இல்லை.
மாதிரி பேராதனைக்குப் போகவேண்டும்,
பதில் வர ஆறு கிழமை.
அதுவரைக்கும் மஞ்சளைக் கேட்கலாம்.
நைத்திரோபீனோல் மஞ்சள்,
ஊக்கி இல்லாவிட்டால்
காலையில் நின்ற இடத்திலேயே பின்னேரமும் நிற்கும்.
போன முறைக் கறுப்புக்கு
இருபத்திரண்டு நிமிடம் கெஞ்ச வைத்தது.

நான் ஒரு சிட்டிகை போட்டேன்.
அவள் கடிகாரத்தைப் பார்த்தாள், நான் நிறத்தை.
மஞ்சள்,
எலுமிச்சைத் தண்ணீர்,
தண்ணீர்.

நாற்பத்தொரு செக்கன்.

கத்துவாள் என்று நினைத்தேன்.
எழுதிவிட்டு "திரும்ப" என்றாள்.
வடித்துக் கழுவித் திரும்ப.
நாற்பத்து மூன்று.
திரும்ப. நாற்பத்து நான்கு.
ஐந்தாம் தரமும் அதே தூள்தான் வேலை செய்தது,
எவரும் அறையை விட்டு எழும்பி வரவில்லை.

ஐஸ் உருகி வாளியில் மீன்தண்ணீராய்க் கிடந்தது,
ஆய்வுகூடம் முழுக்கக் கொட்பே மணம்.
ஜன்னலைத் திறக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

பேராதனைக்குப் போகும் சிறு குப்பியில்
லேபலை ஒட்டி
ஹஸ்மியா பேனையைக் கடித்தபடி யோசித்தாள்.
பிறகு எழுதினாள்: கொட்பே – 4.

இதென்ன சேர்வை என்று
அங்கே யாராவது கேட்கத்தான் போகிறார்கள்.