பன்னிரண்டாவது எந்திரம்

அச்சாவோ துறையில் படகேறும்போது
பையில் ஒரு வன்தட்டு, இரண்டு ஜோடி காலுறை,
பாதி ரொட்டி,
பன்னிரண்டு கணினிகளுக்குப் போதுமான
ஒரே ஒரு புதிய இயங்குதளம்.
மெயுலின் தீவின் இணையத்தில் இறக்கினால்
அடுத்த மழைக்காலத்தில்தான் வந்து சேரும்.
அதனால் நான் போகிறேன்.
கல்வி அலுவலகம் இழுத்த
ஆக மலிவான கம்பி நான்.

படகில் ஓர் ஆடு, உருளைக்கிழங்கு மூட்டைகள்.
"பழசுக்கு என்ன கேடு?" என்றார் படகோட்டி ரெமிஹியோ.
"அக்டோபரோடு ஆதரவை நிறுத்துகிறார்கள்."
"எனக்கு ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டார்கள்" என்றவர்
அதற்குமேல் பேசவில்லை.
ஆடு என் ரொட்டியைப் பார்த்துக்கொண்டே வந்தது.

குளிர்கால விடுமுறை.
பள்ளிக்குள் அணைந்த அடுப்பின் வாசம்.
ஒன்பது பிள்ளைகள், பன்னிரண்டு கணினிகள்,
சில கணினிகள் சில பிள்ளைகளுக்கு மூத்தவை.
மூன்றாவதன் விசைப்பலகையில்
தலையில் அலை சுமக்கும் எங்கள் எழுத்து
உதிர்ந்துபோயிருக்கிறது.
அது இல்லாமல் 'ஆண்டு' என்று தட்டினால்
உடம்பில் சொல்லக்கூடாத இடம் வரும்.
எத்தனை வகுப்புகள் சிரித்து உருண்டனவோ!

தொடங்கினேன்.
நிபந்தனைகள் அனைத்தையும் படித்தேன், ஏற்கிறேன்:
பொய்.
அடுத்த எந்திரம். படித்தேன், ஏற்கிறேன்.
பொய்.
பதினொரு தடவை, வாய் கூசாமல்.

பிறகு காத்திருப்பு.
முப்பது விழுக்காடு வரை குதிரை,
அறுபத்து நான்கில் கழுதை,
தொண்ணூற்றேழில் பாறை.
ஒன்பது மணிக்கு மின்னாக்கியை நிறுத்த வந்த ஓனோஃப்ரே
திரையை ஒருமுறை, என்னை ஒருமுறை பார்த்தார்.
வெளியே போய்
தன் படகுக்கு வைத்திருந்த டீசலை
ஊற்றிவிட்டு வந்தார்.
"எதை எரிக்கிறேன் என்றாவது சொல்" என்றார்.
பாதுகாப்பு என்றேன். யாரிடமிருந்து என்றார்.
எண் நகர்ந்தது. தப்பித்தேன்.

மூலையில் பன்னிரண்டாவது.
திரையின் நெற்றியில் ஒட்டுத்தாள்:
தொடாதே. சனிக்கிழமை.

காலையில், சேற்றுப் பூட்ஸோடு
எதெல்மிரா வாசலில் நின்றாள்.
"அதைத் தொட்டாயா?"
இல்லை என்றதும்தான் உள்ளே வந்தாள்,
விசையை அழுத்தினாள், தானே காட்டினாள்.
சாம்பல் நிறப் பெட்டி, நான்கே கட்டங்கள்.
கடற்பாசி எடை. ஈரம் கழி. மணல் கழி. சாக்கு கழி.
வாங்குகிறவனின் நோட்டு ஒன்று சொல்லும்,
இது ஒன்று சொல்லும்.
வித்தியாசம் பதினேழு குடும்பங்களின் சர்க்கரை, மாவு.
எட்டாம் வகுப்பில் யெர்க்கோ எழுதிய நிரல்.
இப்போது அவன் சால்மன் கூண்டுகளில் இரவுக் காவல்,
கடவுச்சொல்லும் மறந்துவிட்டான்.

புதிய எந்திரம் ஒன்றில் அதை ஏற்றிப் பார்த்தேன்.
இச்செயலி இப்பதிப்போடு ஒத்துப்போகாது.
எதெல்மிரா எழுத்துக் கூட்டிப் படித்தாள்.
"ஒத்துப்போகாதா? எங்களோடு ஆறு வருஷமாக
ஒத்துப்போகிறதே."

விதிமுறை எனக்குத் தெரியும்.
பழையது ஒன்று வலையில் இருந்தால்
எல்லாவற்றுக்கும் வாசல் திறந்த மாதிரி.
அது சும்மா சொல்வதல்ல, பார்த்திருக்கிறேன்:
காஸ்ட்ரோவில் ஒரு பள்ளியின் மதிப்பெண்கள் முழுவதும்
ஒரே இரவில் பூட்டுண்டு கிடந்ததை.
மேசைக்கடியில் குனிந்து
பன்னிரண்டாவதன் வலைக்கம்பியைப் பிடுங்கினேன்.
முனையைக் கத்தரித்து
சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

படிவத்தில் மூன்றே விடைகள்:
முடிந்தது. தோல்வி. காணவில்லை.
'வேலையாக இருக்கிறது' என்று ஒன்று
யாரும் யோசிக்கவில்லை.
காணவில்லை என்று குறித்தேன்.
அன்றைய பன்னிரண்டாவது பொய்,
இதை மட்டும்
முழுசாகப் படித்துவிட்டு ஏற்றேன்.

அலுவலகத் திரையில் மெயுலினுக்குப்
பச்சைப் பட்டை: தொண்ணூற்றிரண்டு விழுக்காடு.
மேலதிகாரிக்குத் திருப்தி.
மீதி எட்டு
ஒரு மூலையில், சனிக்கிழமைதோறும்,
மணலைக் கழித்துக்கொண்டிருக்கிறது.