மூடிக்கொண்ட கோடு

என் வேலை துளையிடுவது.
கடல் உறைந்து சில வாரம் ஆனதும்
ஓவுலுக் கரைக்கும் எங்கள் தீவுக்கும் நடுவே
நூறு மீட்டருக்கு ஒரு துளை.
கொக்கி வைத்த கோலை இறக்கி
பனிக்கட்டியின் அடிவயிற்றைத் தொட்டு
எண்ணைச் சொல்வேன். ஹன்னு எழுதிக்கொள்வான்.
இருபத்தெட்டு. முப்பத்தொன்று. இருபத்தாறு.
விரிசல் இருந்தால் தண்ணீர் ஊற்றுவோம்.
விடிவதற்குள் தழும்பாகிவிடும்.
விரிசல் மூடினால் எனக்குத் தூக்கம் வரும்.
பதினோரு வருடமாக அப்படித்தான்.

குழந்தைநல நிலையத்தில் தாதி துய்யா
எய்னோவின் தலையைச் சுற்றி நாடாவைப் போட்டாள்.
எண்ணைச் சொல்லவில்லை.
எடுத்து மறுபடி போட்டாள்.
பிறகு விரல்களால் உச்சியைத் தடவினாள்,
இருட்டில் சுவிட்சைத் தேடுகிறவள் மாதிரி.

அரசாங்கப் பெட்டியில் வந்த குல்லாய்
காதோரம் தொளதொளக்கும், பின்மண்டையில் ஏறாது.
குல்லாய் சரியில்லை என்று மீர்வா வேறொன்று பின்னினாள்.
அதுவும் சரியில்லை.
மூன்றாவதைப் பின்னும்போது அவள் எதுவும் பேசவில்லை.

அவள் அக்கா சொன்னாள்,
ஒரே பக்கமாகவே படுக்க வைத்திருப்பீர்கள்.
அன்றிரவு மணிக்கொரு தடவை எழுந்து
அவனை இப்படியும் அப்படியும் திருப்பினோம்,
கல்லில் மீனைத் திருப்புவதுபோல.
அவன் சிரித்தான்.
விளையாட்டென்று நினைத்துவிட்டான்.

ஹெல்சிங்கியில் டாக்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.
மண்டையோடு. ஓரத்தில் பெயர் இல்லாவிட்டால்
என் மகனுடையது என்று நம்பியிருக்க மாட்டேன்.
முன்னால் ஒரு கோடு, பின்னால் ஒரு கோடு,
வரைபடத்து ஆறுகள்போல நெளிந்து.
உச்சியிலிருந்து பின்னே ஓடவேண்டிய நடுக்கோடு
இல்லை.
வழுவழுவென்று இருந்தது.
நல்ல சாலை மாதிரி இருந்தது.
"மூடிக்கொண்டுவிட்டது," என்றார். "வயிற்றில் இருக்கும்போதே."
நாங்கள் படுக்க வைத்ததாலா, என்றாள் மீர்வா.
இல்லை.
திரும்பவும் கேட்டாள்.
அவர் பேனாவைக் கீழே வைத்தார்.
இல்லை, என்றார், அவள் முகத்தைப் பார்த்து.

காதிலிருந்து காதுவரை வெட்டுவார்களாம்.
நேராக அல்ல, வளைத்து வளைத்து,
பின்னாளில் நீச்சலடித்து வரும்போது
ஈரமுடியில் தழும்பு தெரியாமல் இருக்க.
அவன் நீச்சலடித்து வருவதை அவர் அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.
எலும்பில் ஒரு பட்டையை எடுத்துவிடுவார்கள்.
யாரோ ஒருவருடைய ரத்தம் ஏற்றவேண்டி வரலாம்.
இரண்டு நாள் கண் வீங்கி மூடியிருக்கும்.
செய்யாவிட்டால்?
உள்ளே அழுத்தம் வரலாம். வராமலும் போகலாம்.

இந்த 'வராமலும்' எங்களோடு ரயிலில் வந்தது,
படகில் வந்தது, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தது.

குளிப்பாட்டும்போது பார்க்கிறேன்.
நீளமாக, படகு கவிழ்த்ததுபோல,
நெற்றி கொஞ்சம் முன்தள்ளி,
எதையோ கேட்க வருகிறவன் மாதிரி.
எனக்கு இந்தத் தலையைத்தான் தெரியும்.
என் முழங்கை மடிப்பில் சரியாகப் பொருந்துவது இதுதான்.
இதை உள்ளே கொடுத்துவிட்டு
வேறொரு தலையை வாங்கி வரவேண்டும்.
இதை மீர்வாவிடம் சொல்லவில்லை.
அவளும் என்னிடம் ஏதோ சொல்லாமல் இருக்கிறாள்.
அவனை மேலிருந்து படமெடுப்பதை நிறுத்தியிருந்தவள்
நேற்று நாற்பது படம் எடுத்தாள்.

படிவத்தில் அவள் கையெழுத்துக்குக் கீழே
ஒரு கோடு காலியாக இருந்தது.

இன்று ஏழாவது துளைக்கு அருகே புது விரிசல்,
விரற்கடை அகலம், வளைந்து வளைந்து போயிற்று.
ஹன்னு வாளியோடு வந்தான்.
கொஞ்சம் இரு, என்றேன்.
அதற்குள்ளே தண்ணீர் ஏறி இறங்குவது தெரிந்தது,
எய்னோவின் உச்சிக்குழி துடிப்பதைப்போல மெதுவாக.
"எண்?" என்று கேட்டான் ஹன்னு.
நான் சொல்லவில்லை.
காற்று. மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.
"எண் சொல்லப்பா."
நாற்பத்தொன்று.
ஊற்று, என்றேன்.

மார்ச் ஒன்பதாம் தேதி காலை
இந்த வழியாகத்தான் காரில் போகவேண்டும்.
பின்சீட்டில் அவன், பக்கத்தில் மீர்வா,
அவள் மடியில் இன்னும் முடிச்சிடாத நான்காவது குல்லாய்.
எந்த அளவுக்கு முடிப்பது என்று தெரியவில்லை அவளுக்கு.