ஞாயிற்றுக் கை

புதன்கிழமை
இலாரியோவின் சட்டையைத் தூக்கிக் காட்டினார் டீச்சர்.
முதுகில் ஒரு கை.
நான்கு விரல், ஒரு கட்டைவிரல்,
காப்பிக் கறை நிறத்தில்.
"யார் அடித்தது?"

அவன் அப்பா மன்சனீயோ துறைமுகத்தில்,
பத்து நாளாய் வீடு வரவில்லை.
மிச்சம் நான்தான்.

இரவு, பிள்ளை தூங்கியதும்
என் கையை அதன்மேல் வைத்துப் பார்த்தேன்.
கோணல் சுண்டுவிரல்கூட
அச்சாய்ப் பொருந்தியது.
அடித்தேனா?
அடித்துவிட்டு மறந்தேனா?

டாக்டர் ரெபோயேதோ அழுத்திப் பார்த்தார்.
அவனுக்கு வலிக்கவில்லை; கூச்சத்தில் நெளிந்தான்.
பிறகு என் நகங்களைப் பார்த்தார்.
"என்ன வேலை?"
"குயுத்லான் கடற்கரையில் செவிச்சே விற்கிறேன்."
"நாளைக்கு எத்தனை எலுமிச்சை?"
"முந்நூறு. ஞாயிறென்றால் ஐந்நூறு."
சிரித்துவிட்டார்.

அந்தப் பெரிய அலை
இப்போதுதான் ஞாபகம் வந்தது.
பிழிந்த கையைத் துடைக்காமல் ஓடி
அள்ளித் தூக்கினேன்.
ஈரத் தோலில் சாறு,
சாற்றின் மேல் நடுப்பகல்.
கிழமையும் ஞாயிறு,
காட்டிக்கொடுத்ததும் ஞாயிறு.

"மருந்து வேண்டாம். தானே போகும்."

போகிறது.
சுண்டுவிரல் முதலில் போனது.
டீச்சர் இன்னும் என்னிடம் சரியாய்ப் பேசவில்லை.
விலா ஓரத்தில் கட்டைவிரல் மட்டும்
பிடி விடாமல் இருக்கிறது,
அலை இன்னும் திரும்பாததுபோல.